பாவு யாருடையது?

பொதட்டூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தறிச் சத்தம் தனியாகக் காதில் விழுவதில்லை. மின்சாரம் நின்று விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓயும்போதுதான், இத்தனை நேரம் அப்படியொரு சத்தம் இருந்தது என்பதே உறைக்கும். திருத்தணியில் பேருந்தேறி ஆந்திர எல்லையை நோக்கி வந்தால், எல்லைக்குச் சற்று முன்பாக இருக்கிறது எங்கள் ஊர். லுங்கி நெய்து பிழைத்த ஊர். இங்கே ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்கும் பெரியவர்கள் முதலில் எத்தனை தறி என்று கேட்பார்கள். அடுத்த கேள்விதான் முக்கியமானது: பாவு யாருடையது?

தறியைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் பலர். ஆனால் பாவுக்கும் ஊடைக்கும் நூல் தருபவர் முதலாளி. நெய்து முடித்த துணியை எடுத்துக்கொள்பவரும் அவரே. நெய்பவருக்குக் கூலி. தறி தன்னுடையது என்பதால் நெசவாளி தன்னிச்சையானவன் என்று வெளியூர்க்காரர் ஒருவர் எண்ணிவிடக் கூடும். உள்ளூரில் யாரும் அப்படி எண்ணுவதில்லை.

மென்பொருள் உலகின் மிகப் பெரிய நிறுவனம், தன் பரம வைரியாகக் கருதிய ஓர் இயங்குதளத்தைக் கட்டித் தழுவிக்கொண்ட கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி நினைவுக்கு வரும். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு அத்தியாயம் உண்டு.

* * *

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சொந்தமாக ஒரு லினக்ஸ் வெளியிடப் போகிறது என்பது முட்டாள்கள் தினத்துக்கு ஏற்ற வேடிக்கை. பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த எங்களைப் போன்றவர்கள் அதைப் படித்துச் சிரித்திருக்கிறோம். இன்று அந்த வேடிக்கை வெறும் தகவலாகிவிட்டது. 'அஷ்யூர் லினக்ஸ்' என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய லினக்ஸை 2023இல் வாடிக்கையாளர்களுக்குப் பொதுவில் திறந்துவிட்டது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கரு ஒன்று ஓடுகிறது. இந்த மாற்றத்தை மனமாற்றம் என்று சிலரும், சரணாகதி என்று சிலரும், வஞ்சகம் என்று இன்னும் சிலரும் வர்ணித்தார்கள். வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால் இம்மூன்றுமே முழுமையான விளக்கம் அல்ல என்று தோன்றுகிறது.

கதை 1976இல் தொடங்குகிறது. அப்போது இருபது வயதே ஆகியிருந்த பில் கேட்ஸ், கணினிப் பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாம் எழுதி விற்ற பேசிக் மொழி மென்பொருளைப் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் நகலெடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வன்பொருளுக்குப் பணம் தருகிறீர்கள், மென்பொருளை மட்டும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாக நினைக்கிறீர்களே என்பது அதன் சாரம். மென்பொருள் என்பது தனித்து விற்கக்கூடிய சரக்கு என்ற கருத்து அன்று அத்தனை புதியது. அந்தக் கருத்தின் மீதுதான் மைக்ரோசாஃப்ட் எழுப்பப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. அந்நிறுவனம் பின்னாளில் எதிர்த்து நின்ற யூனிக்ஸ் மரபு அதற்கு அந்நியமானதல்ல. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்திடமிருந்து யூனிக்ஸின் உரிமம் பெற்று, 1980இல் 'ஜெனிக்ஸ்' என்ற பெயரில் அது ஓர் இயங்குதளத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிநபர் கணினியோடு டாஸ் வந்தது. டாஸில் கொட்டிய பணம் ஜெனிக்ஸை மறக்கச் செய்தது. 1987இல் ஜெனிக்ஸை எஸ்.சி.ஓ. என்ற நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டு, மைக்ரோசாஃப்ட் தன் வழியே போனது.

அதே எண்பதுகளில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நேர் எதிரான ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மென்பொருளின் மூல நிரலைப் படிக்கவும், மாற்றவும், பிறருக்குத் தரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்றார். 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமம் வந்தது. இந்த உரிமம் ஒரு சட்டச் சாதுர்யம். பதிப்புரிமைச் சட்டம் பொதுவாக நகலெடுப்பதைத் தடுக்கப் பயன்படுவது. ஸ்டால்மன் அதே சட்டத்தைக் கொண்டு நகலெடுக்கும் உரிமையைக் காப்பாற்றினார். இந்த நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்கு வழங்கினால் அதன் மூல நிரலையும் இதே உரிமத்தின் கீழ் தந்தாக வேண்டும். பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்துப் பயிர் செய்யலாம், வேலி போட்டுக் குளத்தையே சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்பது போல.

1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் இயங்குதளக் கருவை எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டே அதை இந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். குனுவின் கருவிகளும் இந்தக் கருவும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் உருவாயிற்று. உலகெங்கும் ஒருவரையொருவர் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் அதில் கை வைத்தார்கள். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த உரிமமே அச்சாணி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

* * *

மைக்ரோசாஃப்ட் லினக்ஸை எப்போது பொருட்படுத்தத் தொடங்கியது என்பதற்கு ஆவணச் சான்று இருக்கிறது. 1998 அக்டோபர் இறுதியில், அந்நிறுவனத்தின் உள்ளகக் குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. திறமூல இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான எரிக் ரேமண்ட் அதை வெளியிட்டார். வெளிவந்த நாளை ஒட்டி, 'ஹாலோவீன் ஆவணங்கள்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வாசித்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது அதிலிருந்த நேர்மை. திறமூல மென்பொருளின் தரம் வணிக மென்பொருளின் தரத்தை எட்டவும் மிஞ்சவும் கூடும் என்று அந்தக் குறிப்பே ஒப்புக்கொண்டது. எதிர்ப்பதற்கு வாங்கிவிடவோ விலையைக் குறைத்து நசுக்கிவிடவோ அங்கே ஒரு நிறுவனம் இல்லை, ஒரு வழிமுறைதான் இருக்கிறது என்பதையும் அது கண்டுகொண்டிருந்தது. ஆகவே எல்லோருக்கும் பொதுவான வலைத்தொடர்பு நெறிகளை நீட்டித்து, தனக்கு மட்டும் உரிய வகையாக மாற்றிவிடலாம் என்பது அது முன்வைத்த உபாயங்களில் ஒன்று.

பொதுவெளியில் மொழி இன்னும் கடுமையாக இருந்தது. 2001 ஜூனில் சிகாகோ நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அறிவுசார் சொத்து என்ற வகையில், தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த உவமையை நாம் கண்டிக்கலாம். ஆனால் அவர் எதைக் கண்டு அஞ்சினார் என்பது அதில் துல்லியமாகவே தெரிகிறது. லினக்ஸின் வேகமோ விலையோ அல்ல அவருடைய கவலை. அந்த உரிமம்.

2006 நவம்பரில் உத்தி மாறியது. சூஸே லினக்ஸை வைத்திருந்த நோவெல் நிறுவனத்தோடு மைக்ரோசாஃப்ட் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. சுமார் 24 கோடி டாலருக்கு சூஸே லினக்ஸின் சந்தாச் சீட்டுகளை வாங்கித் தன் வாடிக்கையாளர்களுக்கு விநியோகிக்க முன்வந்தது. பதிலுக்கு, ஒருவர் வாடிக்கையாளர் மீது மற்றவர் காப்புரிமை வழக்குத் தொடுப்பதில்லை என்ற உறுதிமொழி. அடுத்த ஆண்டு மே மாதம் ஃபார்ச்சூன் இதழில், லினக்ஸும் பிற திறமூல மென்பொருள்களும் தன்னுடைய 235 காப்புரிமைகளை மீறுகின்றன என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அவை எவை என்ற பட்டியலை வெளியிடவில்லை. நோவெலிடம் வாங்கினால் பயமில்லை, மற்றவரிடம் வாங்கினால் வழக்கு வரலாம் என்ற ஐயத்தைப் பரப்புவதே நோக்கம் என்று பலரும் கருதினர். 2007 ஜூனில் வெளியான பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, இத்தகைய ஒப்பந்தங்களைத் தடுக்கும் விதிகளோடு வந்தது. ஆக, தழுவலின் முதல் கட்டத்தில் ஒரு கை தோளில் இருந்தது. மறு கை வக்கீல் நோட்டீசைப் பிடித்திருந்தது.

2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஏறத்தாழ 20,000 வரி நிரலை லினக்ஸ் கருவுக்கு அளித்தது. அதன் மெய்நிகர் இயந்திர மென்பொருளான ஹைப்பர்-வி மீது லினக்ஸ் நன்றாக ஓட வேண்டும் என்பதற்கான நிரல் அது. பெருந்தன்மை என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். அந்த நிரலோடு பொது உரிமத்தின் கீழுள்ள பகுதிகளும் பிணைக்கப்பட்டிருப்பதை ஒரு பொறியாளர் கண்டறிந்து எழுப்பிய கேள்வியே அதன் பின்னணி என்பது சில நாட்களில் தெரியவந்தது. பால்மர் எட்டாண்டுகளுக்கு முன் அஞ்சியது அதுதான். தொட்டதால் பற்றிக்கொண்டது. பொதுக் குளம் தன் விதியை நிலைநாட்டியது.

* * *

பிறகு என்ன நடந்தது? பகை தீர்ந்ததற்குக் காரணம் பணம் இருக்குமிடம் மாறியதுதான்.

பல்லாண்டுகளாக மைக்ரோசாஃப்டின் வருமானம், ஒவ்வொரு கணினியிலும் ஒரு விண்டோஸ், ஒவ்வொரு அலுவலகத்திலும் ஓர் ஆஃபீஸ் என்ற விற்பனையில் இருந்தது. அங்கே லினக்ஸ் நேரடிப் போட்டி. 2006இல் அமேசான் தொடங்கிவைத்த மேகக் கணிமை வேறொரு வியாபாரத்தைக் காட்டியது. நிறுவனங்கள் இனிக் கணினி வாங்க வேண்டாம், பெரும் தரவு மையங்களில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். 2010இல் மைக்ரோசாஃப்டும் அஷ்யூர் என்ற பெயரில் இதில் இறங்கியது. வாடகைக்கு வருபவர்களில் கணிசமானோர் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள். லினக்ஸ் இல்லை என்று சொன்னால் அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். 2012 ஜூனில் அஷ்யூரில் லினக்ஸுக்கு இடம் கிடைத்தது.

2014 பிப்ரவரியில், ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா தலைமைப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று மேடையில் அறிவித்தார். அஷ்யூரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்போதே லினக்ஸ் என்றும் சொன்னார். 2016இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைச் சூழல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் உயர்நிலை உறுப்பினராக மைக்ரோசாஃப்ட் சேர்ந்தது. 2017இல் அதன் தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் லினக்ஸிலும் ஓடத் தொடங்கியது. 2018இல் திறமூல உலகின் சந்தைத் திடலான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வாண்டே லினக்ஸைக் காப்புரிமை வழக்குகளிலிருந்து காக்கும் கூட்டமைப்பில் 60,000 காப்புரிமைகளோடு இணைந்தது. 2019இல் அஷ்யூரில் விண்டோஸைவிட லினக்ஸ் அதிகமாகிவிட்டது. 2020இல் நிறுவனத்தின் தலைவர் பிராட் ஸ்மித், திறமூலம் பெருகிய காலத்தில் தாங்கள் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றதாக ஒப்புக்கொண்டார்.

ஓய்வுபெற்றுவிட்ட பால்மரிடமும் 2016இல் கேட்டார்கள். லினக்ஸ் அன்று உண்மையான அச்சுறுத்தலாக இருந்தது, அந்த ஆபத்து இப்போது பின்னால் போய்விட்டது என்ற பொருளில் அவர் பதிலளித்தார். காதல் மொழிகளைக் காட்டிலும் இந்த வணிகனின் வார்த்தையே வரலாற்றாசிரியனுக்கு அதிகம் உதவும். ஆபத்து நீங்கிய பிறகு தழுவிக்கொள்வது எளிது.

பொது உரிமத்தின் ஒரு நுட்பமும் இங்கே வேலை செய்தது. மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்கினால்தான் மூலத்தைத் தர வேண்டும் என்பது விதி. தரவு மையத்தில் நிரலை நிறுவி அதன் சேவையை மட்டும் வாடகைக்கு விட்டால், அது வழங்குதல் ஆகாது. இந்த இடைவெளியை அடைக்க அஃபெரோ பொது உரிமம் என்று தனியாக ஒன்று எழுதப்பட்டது. லினக்ஸ் கரு அதன் கீழ் இல்லை. ஆகவே, வட்டில் அடைத்து விற்கும் காலத்தில் தொட்டதையெல்லாம் பற்றிய உரிமம், வாடகைக் காலத்தில் அத்தனை கிட்டே வருவதில்லை. நிரல் எல்லோருக்கும் உரியது. அது ஓடும் கொட்டகையும் மின்சாரமும் கணக்குப் புத்தகமும் நான்கைந்து நிறுவனங்களுக்கு உரியவை. தறி உன்னுடையது, பாவு என்னுடையது என்ற ஏற்பாடு இதுதான்.

* * *

தழுவல் எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்று பார்ப்பது அவசியம். கண்ணுக்குத் தெரியாத வழங்கிகளில் நடந்தது. நிரலாளர்களின் கருவிகளில் நடந்தது. ஒரு சிறுவனோ ஓர் அரசு அலுவலரோ உட்காரும் மேசையில் அது நடக்கவில்லை. அங்கே பழைய போட்டி பழைய முறையிலேயே தொடர்ந்தது.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. 2003இல் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற அது முடிவெடுத்தபோது, பனிச்சறுக்கு விடுமுறையிலிருந்த பால்மரே நேரில் ஓடிவந்து மேயரைச் சந்தித்தார். மாநகராட்சி அசையவில்லை. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. ஆனால் 2017இல், அதாவது மைக்ரோசாஃப்ட் லினக்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்த மறு ஆண்டில், அதே மாநகராட்சி விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது.

நம் மாநிலத்தின் அத்தியாயம் இதைவிடச் சிறியது. ஆனால் நமக்கு நெருக்கமானது. 2006 முதல் 2008 வரை தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். தன் மேசையிலேயே முதலில் அதைப் பழகிப் பார்த்து, பிறகு ஊழியர்களைப் பழக்கி, அரசுக் கொள்முதல்களிலும் லினக்ஸைக் கேட்கத் தொடங்கினார். ஓர் அரசு நிறுவனத்தின் தலைவர் இப்படி வெளிப்படையாக இறங்கியது அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. எல்காட் தேர்ந்தெடுத்தது சூஸே லினக்ஸ். 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் யாரோடு உடன்படிக்கை செய்துகொண்டதோ, அதே நோவெல் நிறுவனத்தின் லினக்ஸ்! ரெட்மண்டின் தழுவலின் ஒரு முனையும் சென்னையின் எதிர்ப்பின் ஒரு முனையும் ஒரே பெயரில் சந்தித்துக்கொண்டன. யாரும் திட்டமிட்டதல்ல. வரலாறு சில வேளைகளில் இப்படிச் செய்யும்.

2008இல் உமாசங்கர் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். ஒரு மனிதரின் முனைப்பில் நின்ற காரியம், அவர் போனபின் அதே வேகத்தில் நிற்கவில்லை.

அடுத்த வாய்ப்பு எங்கள் மாவட்டத்திலேயே தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். முதலாண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. அவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டும் நிறுவப்பட்டிருந்தன. கணினியைத் திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். உலகில் வேறெங்கும் இத்தனை லட்சம் வீடுகளுக்கு ஒரே அரசு, இலவசமாக, லினக்ஸைக் கொண்டுசேர்த்திருக்குமா என்பது சந்தேகமே.

எங்கள் தெருவிலும் அந்தக் கணினிகள் வந்தன. பாவு சுற்றும் கூடத்தின் ஓரத்தில், பஞ்சுத் தூசி படியாமல் துண்டு போட்டு மூடி வைத்திருப்பார்கள். திறந்தவுடன் கேட்கும் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பள்ளியில் யாரும் மற்றதைக் கற்றுத்தரவில்லை. நண்பனிடமிருந்து வாங்கி வந்த விளையாட்டும் படமும் அதில் ஓடுமா என்பது தெரியாது. பழுது பார்க்கக் கொண்டுபோனபோது, கடைக்காரர் இடம் மிச்சமாகும் என்று சொல்லி லினக்ஸ் இருந்த பகுதியைத் துடைத்துவிட்டார். யாருக்கும் வருத்தமில்லை. யாரும் அதைத் தடை செய்யவும் இல்லை. வாசலில் கொண்டுவந்து வைத்த சுதந்திரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் போனது.

பக்கத்திலுள்ள கேரளம் வேறு வழியில் போனது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 2001இல் அங்கே தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், சில ஆண்டுகளில் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. கணினியைக் கொடுப்பதற்கு முன் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பாடநூல்களை லினக்ஸை வைத்தே எழுதினார்கள். பத்தாம் வகுப்புத் தேர்விலேயே அதைக் கேட்டார்கள். மலையாளத்தில் வேண்டிய மாற்றங்களைத் தாங்களே செய்து, தங்களுக்கென ஒரு லினக்ஸ் வடிவத்தைப் பள்ளிகளுக்கு அளித்தார்கள். வேறுபாடு மென்பொருளில் இல்லை. அதைச் சுற்றி நின்ற மனிதர்களில் இருந்தது.

* * *

இலக்கிய வாசகர்களுக்கு இதிலெல்லாம் என்ன அக்கறை என்று கேட்கலாம். நாம் இன்று திரையில் தமிழ் வாசிக்கிறோம் என்பதே அதற்கான பதில். தொண்ணூறுகளில் ஒவ்வொரு இதழுக்கும் ஓர் எழுத்துரு, ஒன்றில் எழுதியது மற்றொன்றில் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் தெரிந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். மைக்ரோசாஃப்டைப் பொறுத்தவரை, விண்டோஸ் 2000இல்தான் யூனிகோடு தமிழ் உள்ளேயே வந்தது. அது ஒரு பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் எப்போது வர வேண்டும், எந்த வடிவில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் நமக்கு வெகுதொலைவில் இருந்தது.

அதே ஆண்டுகளில் சிலர் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கினார்கள். லினக்ஸின் மேசைச் சூழலைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினார்கள். கோப்பு, அடைவு, சாளரம் என்று நாம் இன்று இயல்பாகச் சொல்லும் பல சொற்கள் அத்தகைய விவாதங்களில் புழங்கித் தேய்ந்து மெருகேறியவை. அதிராம்பட்டினத்து உமர் தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்து இலவசமாகத் தந்தார். 2006இல் அவர் மறைந்தபோது, அவர் முகமே அறியாத எத்தனையோ பேர் அவர் தந்த எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் நம் பழைய நூல்களை மின்வடிவில் குவித்து வருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தது. அனுமதி கேட்க வேண்டாத ஓர் இடம் இருந்ததால்தான் இந்தப் பணிகளில் பல நடந்தன. குனு உரிமம் நமக்குத் தந்தது விலையின்மையை மட்டும் அல்ல, அந்த இடத்தையும்தான்.

ஆகவே மைக்ரோசாஃப்ட் லினக்ஸைத் தழுவியது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு என் பதில் இது. பொதுவில் வந்த நிரல் பொதுவிலேயே இருக்கும். நாளை அந்நிறுவனம் மனம் மாறினாலும் அந்த 20,000 வரிகளையும், அதன் பின் தந்த எதையும் திரும்பப் பெற முடியாது. அது உரிமத்தின் வெற்றி. விண்டோஸின் மூல நிரல் மட்டும் இன்றும் மூடியே இருக்கிறது. அங்கே தழுவல் நின்றுவிடுகிறது. எவருக்கும் தெரியாத தரவு மையங்களில் லினக்ஸ் பெற்ற வெற்றி, எங்கள் தெருப் பிள்ளையின் மேசைக்கு வந்து சேரவில்லை. அது தானாக வந்து சேரவும் சேராது.

நெசவில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். முதலாளியின் நூலை நம்பியிருக்க வேண்டாம் என்று கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் அப்படித்தான் பிறந்தது. எல்லாச் சங்கமும் செழிக்கவில்லை. சிலவற்றில் ஊழல், சிலவற்றில் அசிரத்தை. இருந்தாலும் தறியை வைத்திருப்பவன் நூலையும் சந்தையையும் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை அவை கற்றுக்கொடுத்தன. கேரளத்து ஆசிரியர்கள் செய்ததும், மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்தவர்கள் செய்ததும் அந்த வகை வேலைதான்.

தமிழ்நாட்டில் பழுது பார்க்கும் கடை தோறும் துடைக்கப்பட்ட அந்த லினக்ஸ் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, புதிய பதிப்பை ஏற்க முடியாத பழைய மடிக்கணினிகள் வீடுகளில் தூங்குகின்றன. எங்கள் ஊரில் மட்டுமே சில நூறு இருக்கக் கூடும். அவற்றில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, லினக்ஸை நிறுவி, ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பழக்கிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அதற்கு எந்த நிறுவனத்தின் காதலும் தேவைப்படாது.